சாமைக்கு எத்தனை பெயர்

வத்தல்மலையில் சாமை விளையும், கேழ்வரகு விளையும், சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும் நிற்கும். தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். இதைத் தெரிந்துகொள்ள மலை ஏறிப் பார்த்தால் போதும். அந்தச் சாமையைப் பற்றியும் அதைச் சோறாக்கி உண்ட மக்களைப் பற்றியும் இதுவரை யார் என்ன ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டால்தான் சிரமம். அந்தச் சிரமம்தான் என் தொழில். நான் மருத்துவ நூலகர். மருத்துவர்களும் ஆய்வு மாணவர்களும் கேள்வியோடு வருவார்கள். அதற்கு உரிய கட்டுரைகளைத் தரவுத்தளங்களில் தேடித் திரட்டிக் கொடுப்பேன். பப்மெட் என்ற ஒரு மருத்துவத் தரவுத்தளத்தில் மட்டும் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. அதற்குள் எந்தச் சொல்லோடு நுழைவது என்று முடிவு செய்வதில்தான் என் நேரத்தில் பெரும்பகுதி போகிறது.

வத்தல்மலையைச் சேர்ந்த மாணவி ஒருத்தி ஆய்வுக்குத் தலைப்பு எடுத்திருந்தாள். தலைமுறை தலைமுறையாகச் சாமையும் கேழ்வரகும் உண்ட மலைமக்கள் ரேஷன் அரிசிக்கு மாறியபிறகு அவர்களிடம் சர்க்கரை நோய் கூடியிருக்கிறதா? நல்ல கேள்வி. அவசியமான கேள்வியும்கூட.

"எல்லா எடத்துலயும் தேடிட்டேன்க்கா. எங்க மலையப் பத்தி யாருமே ஒண்ணும் எழுதல."

"என்னன்னு அடிச்சம்மா தேடுன?"

காட்டினாள். முழுக் கேள்வியையும் ஒரே ஆங்கில வாக்கியமாக அடித்திருந்தாள். அதில் மலையின் பெயரும் இருந்தது. விடை சுழியம். பெரும்பாலோர் இப்படித்தான் தேடுகிறார்கள். மனத்தில் இருக்கும் கேள்வியை மனத்தில் இருக்கும் சொற்களாலேயே கேட்கிறார்கள். ஆனால் தரவுத்தளத்துக்குக் கேள்வி புரியாது. எழுதியவர் எந்தச் சொல்லால் எழுதினாரோ அந்தச் சொல் அதில் கிடக்கிறது, அவ்வளவுதான். எங்கேயோ, எப்போதோ, யாரோ ஒருவர் இதே விஷயத்தை எந்தச் சொல்லால் எழுதியிருப்பார் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதலில் விசைப்பலகையைத் தொடவே கூடாது. காகிதத்தை எடுத்துக் கேள்வியைத் துண்டு துண்டாக உடைக்க வேண்டும். இந்த வேலைக்கு நம்மவர் ஒருவர் இலக்கணமே வகுத்திருக்கிறார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகக் கல்விக்காக லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பார்த்தார். அதே துண்டுகளைக் கழற்றி மாட்டி வேறு வேறு பொருள்கள் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அறிவுத் துறைகளையும் இப்படித் துண்டுகளாக்கிச் சேர்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933-ல் அவருடைய கோலன் பகுப்புமுறை வெளிவந்தது. எந்தப் பொருளையும் ஐந்து கூறுகளாகப் பிரிக்கலாம் என்பது பின்னர் அவர் தெளிவாக்கிய கொள்கை: எதைப் பற்றி, எந்தப் பண்பு அல்லது பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். இன்று உலகெங்கும் மருத்துவத் தேடல் செய்பவர்கள் 'எந்த மக்கள், என்ன தலையீடு, எதோடு ஒப்பீடு, என்ன விளைவு' என்று கேள்வியை நான்காக உடைக்கிறார்கள். எனக்கு அதில் ரங்கநாதனின் கைதான் தெரிகிறது.

மாணவியின் கேள்வியை நான்காக உடைத்தோம். உணவு, மக்கள், நோய், இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி போட்டு, அதன் கீழே அந்தப் பொருளுக்கு உலகத்தில் புழங்கும் எல்லாப் பெயர்களையும் எழுதத் தொடங்கினோம்.

சாமையில் ஆரம்பித்தோம். ஆங்கிலத்தில் 'லிட்டில் மில்லட்'. இந்த இரண்டு சொற்களையும் சும்மா அடித்தால் 'லிட்டில்' என்ற சொல் கெடுத்துவிடும். 'மில்லட் பற்றிக் கொஞ்சமே தெரியும்' என்று யாராவது எழுதிய கட்டுரையெல்லாம் வந்து விழும். எனவே மேற்கோள் குறிக்குள் ஒரே தொடராகப் போட வேண்டும். அடுத்தது தாவரவியல் பெயர். இன்று பானிக்கம் சுமத்ரென்ஸ். பழைய வேளாண் கட்டுரைகளில் இதே சாமை பானிக்கம் மிலியாரே என்ற பெயரில் இருக்கிறது. புதிய பெயரை மட்டும் போட்டுத் தேடுபவருக்குப் பல பத்தாண்டு ஆராய்ச்சி கண்ணிலேயே படாது. சரி, 'மிலி' வரை எழுதி நட்சத்திரக் குறி போட்டால் மிச்சத்தைத் தரவுத்தளம் நிரப்பிக்கொள்ளுமே என்று தோன்றும். போட்டால் பானிக்கம் மிலியேசியமும் சேர்ந்து வரும். அது பனிவரகு, வேறு தானியம். ஐரோப்பாவிலும் சீனாவிலும் அதைப் பற்றி எழுதியவை ஏராளம். நம்முடைய சாமை அதற்குள் மூழ்கிப் போகும். சொல்லை எந்த எழுத்தோடு வெட்டுவது என்பது பார்க்கச் சின்ன முடிவு. அங்கே அவசரப்பட்டால் அரைநாள் வீண்.

இந்தியில் சாமைக்குக் குட்கி என்று பெயர். வட இந்தியாவில், முக்கியமாக மத்தியப் பிரதேசத்துப் பழங்குடியினரிடையே நடந்த ஆய்வுகளில் இந்தச் சொல் வரும், ஆகவே வேண்டும். ஆனால் இமயமலையில் வளரும் ஒரு கசப்பு மூலிகைக்கும் குட்கி என்றுதான் பெயர். ஈரல் நோய்க்குக் கொடுப்பது. குட்கியைத் தனியாக விட்டால் அந்த மூலிகையின் கட்டுரைகள் வந்து குவியும். மில்லட், தானியம், உணவு என்ற சொற்களில் ஏதாவது ஒன்று பக்கத்தில் வந்தால்தான் ஏற்றுக்கொள் என்று நிபந்தனை போட வேண்டும். கன்னடத்தில் சாமெ, தெலுங்கில் சாமலு. தருமபுரி எல்லை மாவட்டம், இரண்டும் இங்கே காதில் விழும் பெயர்கள்தாம். இவை தவிர, தனியாகச் சாமை என்று சொல்லாமல் கூட்டமாகச் சொல்லும் பெயர்கள்: மைனர் மில்லட்ஸ், ஸ்மால் மில்லட்ஸ், கோர்ஸ் கிரெயின்ஸ். 2018-ல் மத்திய அரசு இவற்றை நியூட்ரி சீரியல்ஸ் என்று அறிவித்தது. அதன் பிறகு வந்த அரசு ஆவணங்களில் அந்தப் பெயர் புழங்குகிறது. கீழே இறங்கினால் ரகப் பெயர்கள். பையூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பையூர் 2, அத்தியந்தல் சிறுதானிய மையம் தந்த ஏடிஎல் 1. பக்கத்துக் கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்த நாட்டு வகைகள் உண்டு: கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது மாணவி தன் பாட்டியிடம் கேட்டு வருவதாகச் சொன்னாள். மிகச் சரியான யோசனை. ஆங்கிலக் கட்டுரைகளிலும் உள்ளூர் வகைப் பெயரை ஒலிப்படியே எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. நான் எத்தனை அகராதி புரட்டினாலும் எனக்குக் கிடைக்காத சொல் அந்த அம்மாவின் வாயில் இருக்கும்.

அடுத்த துண்டு மக்கள். என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது இதுதான், காரணம் இங்கேதான் அதிகம் பேர் தொலைந்து போகிறார்கள். வத்தல்மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது, கொல்லி, பச்சை மலைகளிலும் இவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்கு. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். ஆனால் மலையாளி என்று ஆங்கிலத்தில் அடித்தால் கேரளம்தான் வந்து நிற்கும். கேரளத்தவரின் இதய நோய், வளைகுடா நாட்டு மலையாளிச் செவிலியரின் மன அழுத்தம், இப்படி. இந்தக் கட்டுரைகளுக்கு நடுவில் மலைமக்கள் பற்றியவை எங்கோ அடியில் கிடக்கும். ஆங்கிலப் பெயரின் முதல் ஐந்து எழுத்தோடு வெட்டி நட்சத்திரக் குறி போட்டால் இன்னும் மோசம். மலேசியா, மலாயா, மலாய் மொழி எல்லாம் உள்ளே வந்துவிடும்.

'கேரளா வேண்டாம்' என்று விலக்கிவிடலாமே என்றாள். விலக்கும் கட்டளை உண்டு. 'நாட்' என்று போட்டால் அந்தச் சொல் உள்ள கட்டுரை எல்லாம் வெளியே போய்விடும். நான் அதைக் கூடியவரை தொடுவதில்லை. 'இவர்கள் கேரள மலையாளிகள் அல்லர், தமிழக மலைகளில் வாழும் பழங்குடியினர்' என்று பொறுப்பாக விளக்கி எழுதிய நல்ல கட்டுரையைத்தான் அந்தக் கட்டளை முதலில் தூக்கி எறியும். அதற்குப் பதிலாக அண்மைக் கட்டளை. மலையாளி என்ற சொல்லிலிருந்து மூன்று நான்கு சொல் தூரத்துக்குள் பழங்குடி, மலை, ஆதிவாசி, பட்டியல் பழங்குடி, இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களில் ஒன்று இருக்க வேண்டும் என்று கேட்பது. எழுத்துக்கூட்டலையும் விடக் கூடாது. கடைசியில் 'ஐ' போடுபவர் உண்டு, இரட்டை 'ஈ' போடுபவர் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில், 'மலை'யை ஆங்கிலத்தில் 'ஒய்' போட்டும் 'ஐ' போட்டும் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்.

இடம் என்ற துண்டில், வத்தல்மலை என்று மட்டும் கேட்டால் ஒன்றிரண்டு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆய்வாளர்கள் கட்டுரைச் சுருக்கத்தில் சிற்றூர்ப் பெயரை எழுதுவது அரிது; மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனவே படிப்படியாக மேலே ஏற வேண்டும். வத்தல்மலை, அதன் ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் ('டி' ஒன்றா இரண்டா, பின்னால் 'ஹெச்' உண்டா, மலையைச் சேர்த்தா பிரித்தா), பிறகு தருமபுரி, பிறகு கிழக்குத் தொடர்ச்சி மலை, பிறகு தமிழ்நாடு. காலத்தையும் கூடவே பார்க்க வேண்டும். 1965 வரை தருமபுரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. அதற்கு முந்திய எதையும் தருமபுரி மாவட்டம் என்று தேடிப் பயனில்லை. 1883-ல் லெ பானு எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டிலும் 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியரிலும்தான் இந்த மலைகள் இருக்கின்றன. 1969-க்கு முன்னால் தமிழ்நாடு என்ற பெயரும் இல்லை, மெட்ராஸ். பட்டியல் பழங்குடிகளுக்கான அரசாணையில் மலையாளிகளுக்கு எதிரே தருமபுரி, சேலம் என்பவற்றோடு வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்ற பழைய மாவட்டப் பெயர்களே நிற்கின்றன. அந்த வரியைப் பார்த்து எழுதும் ஆய்வாளர் அதே பழைய பெயர்களைத்தான் எழுதுவார்.

நோய் என்ற துண்டு ஒப்பீட்டில் சுலபம், காரணம் அதற்கு ஒரு காவல் அகராதி இருக்கிறது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் மெஷ் என்ற சொற்பட்டியலைப் பராமரிக்கிறது. கட்டுரையாசிரியர் எந்தப் பெயரால் எழுதியிருந்தாலும் பட்டியலில் உள்ள ஒரே தலைப்பு அந்தப் பதிவில் ஒட்டப்படும். முன்பு ஆட்கள் படித்துப் பார்த்து ஒட்டினார்கள். 2022 முதல் மென்பொருள்தான் ஒட்டுகிறது. அதனால் தலைப்பை மட்டும் நம்பாமல் சாதாரணச் சொற்களையும் சேர்த்தே தேடுவேன்: டைப் 2 நீரிழிவு, அதற்கு முந்திய 'இன்சுலின் சாராத நீரிழிவு', அதற்கும் முந்திய 'முதிர்வயது நீரிழிவு', ரத்த குளுக்கோஸ், கிளைசீமிக் குறியீடு. கடைசிச் சொல்லை அமெரிக்கர் ஒரு விதமாகவும் பிரிட்டிஷ் வழக்கில் 'ஏ' எழுத்து சேர்த்து இன்னொரு விதமாகவும் எழுதுவார்கள். சித்த மருத்துவர்கள் எழுதியவற்றில் மதுமேகம். சாமையைப் பொறுத்தவரை மெஷ் பட்டியல் அவ்வளவு உதவாது. பானிக்கம் பேரினத்துக்குத் தலைப்பு உண்டு. நம் மலையின் தானியத்தை அதற்குள் நாமேதான் துழாவ வேண்டும்.

இத்தோடு அந்தப் பெண்ணுக்குத் தெரியாத ஒரு சொல்லையும் சேர்த்தேன். பழைய உணவை விட்டு அரிசி, சர்க்கரை, எண்ணெய் என்று ஒரு சமூகம் மாறுவதை ஊட்டச்சத்து அறிஞர்கள் 'நியூட்ரிஷன் டிரான்சிஷன்' என்கிறார்கள். அவள் 'ரேஷன் அரிசிக்கு மாறினார்கள்' என்று நினைப்பதை அவர்கள் இந்தப் பெயரில்தான் எழுதுவார்கள். துறைக்குள் இருப்பவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் சொல் கிடைத்துவிட்டால் கதவு திறந்த மாதிரி. பொது விநியோகத் திட்டம், தீட்டிய அரிசி, இரண்டையும் கூடவே வைத்தோம். கொல்லிமலையில் சாமைக் காட்டைப் பெருமளவு பிடித்துக்கொண்டது மரவள்ளி, நம் ஊர்க் குச்சிக்கிழங்கு. ஆகவே அதுவும் உள்ளே வந்தது.

இனிச் சேர்ப்பு வேலை. ஒரே துண்டுக்குள் உள்ள பெயர்கள் எல்லாவற்றையும் 'ஆர்' என்ற கட்டளையால் கட்டுவோம். எது இருந்தாலும் சரி என்று பொருள். துண்டுகளுக்கு இடையே 'ஆண்ட்'. எல்லாத் துண்டிலிருந்தும் ஒன்றாவது இருக்க வேண்டும். 'ஆர்' வலையை விரிக்கும், 'ஆண்ட்' சுருக்கும். இங்கே பழக்கத்தால் மட்டும் வரும் ஒரு முடிவு உண்டு: நான்கு துண்டையும் போடாதே. சாமையும் மலையாளியும் நீரிழிவும் தருமபுரியும் ஒரே சுருக்கத்தில் வர வேண்டும் என்று கேட்டால் சுழியம்தான் மிஞ்சும். மலைமக்களின் உடல்நலத்தைப் பற்றிய கட்டுரை ரத்தச் சர்க்கரையை அளந்திருக்கும், சுருக்கத்தில் சொல்லியிருக்காது. அதனால் முதலில் உணவும் மக்களும். தனியாக மக்களும் நோயும். தனியாக உணவும் நோயும். மூன்று தேடல், மூன்று குவியல். மிச்சத்தைக் கண்ணால் படித்துத்தான் பிரிக்க வேண்டும்.

இத்தனை பாடு தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பிளேர், மாரன் என்ற இருவரின் ஆய்வு. 1985-ல் வெளிவந்தது. சான்பிரான்சிஸ்கோ பகுதியில் நடந்த ஒரு ரயில் விபத்து வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்கள், மூன்றரை லட்சம் பக்கங்கள், கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. வழக்கறிஞர்கள் தங்களுக்கு வேண்டியதை அதில் தேடினார்கள். உரிய ஆவணங்களில் முக்கால் பங்காவது கிடைத்துவிட்டது என்று திருப்தி அடைந்தார்கள். ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு. காரணம் சொற்கள். ஒரு தரப்பு 'விபத்து' என்று எழுதியது. எதிர்த் தரப்பு 'சம்பவம்', 'நிலைமை', 'பிரச்சினை' என்று எழுதியது. சிலர் 'உங்கள் கடைசிக் கடிதத்தில் குறிப்பிட்ட விஷயம்' என்று எழுதியிருந்தார்கள்; அந்தக் காகிதத்தில் விபத்தின் வாசனையே கிடையாது. அவர்கள் படித்தவர்கள், வழக்கை முழுதாக அறிந்தவர்கள், நேரம் கொடுத்துத் தேடியவர்கள். விட்டுப்போனது விட்டுப்போனதாகத் தெரியவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பயம் தருவது. கிடைத்தவற்றைத் திரையில் பார்க்கலாம், கிடைக்காதவற்றை எந்தத் திரையும் காட்டாது. இரண்டு ஆண்டு கழித்து ஃபர்னாஸ் என்பவரும் கூட்டாளிகளும் ஒன்றை அளந்து சொன்னார்கள்: ஒரே பொருளுக்குப் பெயர் சொல்லுமாறு இருவரைக் கேட்டால், இருவரும் ஒரே சொல்லைச் சொல்வதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இருபதுக்கும் கீழே.

உயிர் போன கதையும் உண்டு. 2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா ஆய்வு ஒன்றுக்குத் தன்னார்வலராக வந்த, நோயில்லாத 24 வயதுப் பெண் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை முகர்ந்தபின் நுரையீரல் கெட்டு இறந்தார். அந்த மருந்து நுரையீரலைத் தாக்கும் என்று 1950-களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் தேடிய தரவுத்தளம் அப்போது 1966-க்குப் பிந்தியவற்றைத்தான் வைத்திருந்தது. எந்தச் சொல் என்பதற்கு முன்னால் எந்த இடம், எந்தக் காலம் வரை என்று கேட்கச் சொல்லி நான் மாணவர்களை வற்புறுத்துவது இதனால்தான். நம் மக்களைப் பற்றிய எத்தனையோ விஷயம் எந்தப் பன்னாட்டுத் தளத்திலும் இல்லை. ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா, பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ரோஜா முத்தையா நூலகம், பிறகு வேளாண் பல்கலைக்கழக வெளியீடுகள் என்று போக வேண்டும்.

தமிழில் தேடுவது தனிக் கலை. வத்தல்மலை என்று அடித்தால், 'வத்தல்மலையில்', 'வத்தல்மலைக்கு' என்று எழுதியவை எல்லாத் தளத்திலும் வருவதில்லை. வேற்றுமை உருபைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த தளங்கள் குறைவு. 'வத்தல் மலை' என்று இடைவெளி விட்டு எழுதுபவர்களும் உண்டு, அப்படித் தேடினால் சுண்டைக்காய் வத்தலும் மணத்தக்காளி வத்தலும் சேர்ந்து வரும். தருமபுரி ஒரு பத்திரிகையில், தர்மபுரி இன்னொன்றில். கொல்லிமலையின் 'கொ'வை ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் கணினியில் வைக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், சரிபடுத்தாத தளத்துக்கு இரண்டும் வேறு வேறு சொல். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே பொருளற்ற ஆங்கில எழுத்துகள் கிடக்கும்.

இதில் என்னை மிகவும் வாட்டுவது பழைய அச்சு நூல்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் 'லை' என்ற எழுத்துக்கு மேலே துதிக்கை போல வளைந்த வடிவம் இருந்தது. மலை என்ற சொல்லே பழைய நூல்களில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. இன்றைய வடிவங்களில் பழகிய எழுத்துணரி மென்பொருள் அந்த இடத்தில் தடுமாறும். மலைகளைப் பற்றிய புத்தகத்தில் 'மலை'யையே தேடிப் பிடிக்க முடியாத நிலை. அங்கே நான் மலையை விட்டுவிட்டு, எழுத்து மாறாத வேறு சொற்களை வைத்துத் தேடுவேன். சாமை, வரகு, சேலம். அதுவும் போதாதபோது பொருளடக்கத்தைக் கண்ணால் படிப்பதுதான் வழி.

பட்டியல் சரியா என்று சோதிக்க ஒரு முறை வைத்திருக்கிறோம். இந்தக் கேள்விக்குக் கட்டாயம் வர வேண்டிய சில கட்டுரைகளை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்வது. ஆசிரியர் சொன்னவை, வேறு ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில் பார்த்தவை. நம் தேடல் வரி அவற்றைப் பிடிக்கிறதா? ஒன்று தப்பினால் அதைத் திறந்து, நாம் நினைக்காத எந்தச் சொல்லை இவர் பயன்படுத்தியிருக்கிறார் என்று பார்ப்பேன். அந்தச் சொல் பட்டியலுக்குள் வரும். பிறகு அந்தக் கட்டுரை யாரை மேற்கோள் காட்டுகிறது, அதை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று முன்னும் பின்னும் போவேன். யூஜின் கார்ஃபீல்டு 1964-ல் மேற்கோள் அடைவைத் தொடங்கியதால் கிடைத்த வசதி இது. சொல்லே பொருந்தாத உறவுகளை அது பிடித்துக் கொடுக்கும். அந்த மாணவியின் கேள்விக்குக் கொல்லிமலைக் கட்டுரை ஒன்றிலிருந்து பின்னோக்கிப் போனபோதுதான் மலையாளி என்ற சொல்லே இல்லாமல் 'மலைவாழ் உழவர்கள்' என்று மட்டும் எழுதியவை கிடைத்தன. உடனே அந்தத் தொடரும் மக்கள் பத்தியில் ஏறியது. புதிதாகச் சேர்க்கும் சொற்கள் ஏற்கெனவே பார்த்த கட்டுரைகளையே திரும்பத் திரும்பக் கொண்டுவரத் தொடங்கினால் நிறுத்தலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால் மாற்றுப் பெயர்களைக் கொட்டுகின்றன. நானும் கேட்கிறேன். சில நல்ல சொற்கள் கிடைக்கும். ஆனால் அவை தரும் கட்டுரைப் பட்டியலை ஒவ்வொன்றாகத் தரவுத்தளத்தில் சரிபார்க்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை. இல்லாத கட்டுரைக்கு ஆசிரியரும் ஆண்டும் சேர்த்துத் தந்துவிடும். மேலும், வலையில் குறைவாக எழுதப்பட்டவர்களைப் பற்றி அவற்றுக்கும் குறைவாகத்தான் தெரியும். மலையாளி என்றால் அவையும் முதலில் கேரளத்துக்குத்தான் போகின்றன.

தேடி முடித்தபின் ஒவ்வொரு வரியையும் அப்படியே எழுதிவைக்க வேண்டும். எந்தத் தளம், எந்தத் தேதி, எந்தச் சொல், எந்தக் கட்டளை, எத்தனை கிடைத்தது. 2021-ல் வெளியான பிரிஸ்மா-எஸ் என்ற நெறிமுறை இதைத்தான் கேட்கிறது. நான் எழுதிய வரியை இன்னொரு நூலகர் சரிபார்ப்பதும் உண்டு. அடைப்புக்குறி ஒன்று இடம் மாறினாலும் முழுக் குவியலும் மாறிவிடும். 'இந்த மலையைப் பற்றி ஆய்வு இல்லை' என்று ஆய்வேட்டில் ஒருவர் எழுதுவது பெரிய வாக்கியம். எங்கே எப்படித் தேடினேன் என்று காட்டாமல் அதை எழுத யாருக்கும் உரிமை இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் கட்டுரைகள் கிடைத்தன. சாமையின் கிளைசீமிக் குறியீடு பற்றியவை, கொல்லிமலையின் உணவு மாற்றம் பற்றியவை, பிற மலைகளின் மலையாளி மக்களிடையே நடந்த உடல்நல ஆய்வுகள். வத்தல்மலையின் மூன்று துண்டும் ஒன்றாகச் சேர்ந்த கட்டுரை எங்கள் தேடலில் இல்லை. அந்த இடம் அவளுக்குரியது, அவள் எழுதுவாள். அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: சுருக்கத்தின் கீழே வரும் குறிச்சொல் வரியில் சிக்கனம் பிடிக்காதே. சாமை என்று தமிழில் எழுது, ஆங்கிலப் பெயரை எழுது, தாவரவியலின் புதுப் பெயரையும் பழைய பெயரையும் எழுது. மலையாளி என்பதற்குப் பக்கத்தில் பழங்குடி என்று எழுது. வத்தல்மலையைச் சேர்த்தும் எழுது, பிரித்தும் எழுது, மாவட்டத்தையும் போடு. பாட்டி சொன்ன சாமை வகைகளின் பெயர்களைச் சுருக்கத்துக்குள்ளேயே கொண்டுவா.

"கைடு இவ்ளோ நீளமா எதுக்குன்னு கேப்பாருக்கா."

"வேணும்னு சொல்லும்மா. எடம் பத்தலன்னா வேற எதையாச்சும் எடுக்கச் சொல்லு."